தேய்ந்தது டிஸ்க், திருத்தியது கையை: பெங்களூர் டிஸ்க் கோல்ஃப் குழு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

பெங்களூருக்குத் தெற்கே ஆனேக்கல் பக்கத்தில், எங்கள் குழுவைச் சேர்ந்த ஒருவருடைய மாமாவுக்கு மூன்று ஏக்கர் நிலம் இருக்கிறது. பாதி தைலமரத் தோப்பு. மீதியில் தரையைப் பிளந்துகொண்டு எழுந்த கருங்கல் பாறைகள், ஒரு குட்டை, வேலியோரம் ஆள் உயரத்துக்கு உண்ணிச்செடி. பயிருக்கு உதவாத அந்த இடத்தில் டிஸ்க் கோல்ஃப், அதாவது தட்டு போன்ற டிஸ்க்கைத் தொலைவிலிருந்து கூடைக்குள் எறியும் ஆட்டம், ஆடிக்கொள்ள அவர் மனமுவந்து அனுமதித்தார். சிவாஜிநகரில் ஒரு வெல்டிங் பட்டறையில் கூடைகளைச் செய்து, எஸ்.பி. ரோட்டில் எடை போட்டு வாங்கிய சங்கிலிகளைத் தொங்கவிட்டு, ஒன்பது இலக்குகள் அமைத்தோம்.

குழுவில் 11 பேர். பாதிப் பேர் அல்சூர், மர்பி டவுன், விவேக்நகர் போன்ற பழைய தமிழ்ப் பகுதிகளில் பிறந்து வளர்ந்தவர்கள். மற்றவர்கள் வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்து எலெக்ட்ரானிக் சிட்டியில் தங்கியிருப்பவர்கள். சனி, ஞாயிறு காலைகளில் ஆடுவோம். புதிதாக வருகிறவர்களுக்கு எறியக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பு என்னுடையது.

நான் சென்னையில் பெசன்ட் நகர் கடற்கரையில் அல்டிமேட் என்னும், டிஸ்க்கை எறிந்து பிடிக்கும் அணி ஆட்டம் ஆடி வளர்ந்தவன். அந்த ஆட்டத்தின் 175 கிராம் டிஸ்க்குக்கு விளிம்பு உருண்டு மழுங்கியிருக்கும். மணலில் உரசி அடிப்பக்கம் சொரசொரப்பானாலும், கையில் பிசிறு தட்டினாலும், ஏறக்குறைய பழைய மாதிரியே பறக்கும். ஒரே டிஸ்க்கை நாங்கள் ஆண்டுக்கணக்கில் வைத்திருந்தோம். எறிந்த டிஸ்க் கோணலாகப் போனால் கையில்தான் தவறு என்பது அங்கே கிட்டத்தட்ட எப்போதும் உண்மை. அந்த நம்பிக்கையை அப்படியே பெங்களூருக்குக் கொண்டுவந்தேன். கீழே சொல்லப்போகும் தவறின் வேர் அதுதான்.

இந்த நிகழ்வின் மையத்தில் இருப்பவள் 20 வயதுக் கல்லூரி மாணவி. மர்பி டவுன் பெண். கேரம் பலகையில் அண்ணன்களைத் தோற்கடித்தே பழகியவள் என்பதால் குறி பார்ப்பதில் பொறுமை உண்டு. ஒரு ஜூன் மாதம் குழுவில் சேர்ந்தாள்.

டிஸ்க்கும் பிளாஸ்டிக்கும்

இந்த ஆட்டத்தை அறியாதவர்களுக்காகச் சிறிது விளக்கம். கோல்ஃப் போலவே, எத்தனை குறைந்த எறிதல்களில் இலக்கை அடைகிறோம் என்பதுதான் கணக்கு. பந்துக்குப் பதில் டிஸ்க், குழிக்குப் பதில் சங்கிலி தொங்கும் கூடை. அந்தக் கூடையை வடிவமைத்த எட் ஹெட்ரிக்தான் 1976-இல் அமெரிக்காவில் தொழில்முறை டிஸ்க் கோல்ஃப் சங்கத்தைத் தொடங்கியவர். 1983-இல் டேவ் டனிபேஸ் சாய்வாகச் சீவிய விளிம்புள்ள டிஸ்க்கை உருவாக்கினார். மழுங்கிய விளிம்பு போய்க் கூரிய விளிம்பு வந்ததும் டிஸ்க் காற்றைக் கிழித்து நெடுந்தூரம் போனது. கூடவே, அந்த விளிம்பின் மூக்கு, அதாவது அதன் வெளிமுனை, எந்த உயரத்தில், எந்த வடிவில் இருக்கிறது என்பதே பறக்கும் பாதையைத் தீர்மானிப்பதாக ஆனது. கடற்கரை டிஸ்க்கில் நான் பார்த்தே இராத சங்கதி இது.

வலக்கையால் பேக்ஹேண்டாக, அதாவது கையை உடலுக்குக் குறுக்கே இழுத்து, எறிந்தால், மேலிருந்து பார்க்க டிஸ்க் கடிகாரச் சுற்றில் சுழலும். வேகமாகப் போகும்போது வலப்பக்கம் திரும்ப முனையும். வேகம் தணிந்ததும் இடப்பக்கம் சாய்ந்து இறங்கும். எது எவ்வளவு என்பது வடிவத்தைப் பொறுத்தது. மரத்திலும் பாறையிலும் அடிபட்டு விளிம்பின் மூக்கு கீழிறங்கினால், வலப்பக்கம் திரும்பும் குணம் கூடி, இடப்பக்கம் இறங்கும் குணம் குறையும். எல்லா டிஸ்க்கும் தேயத் தேய இந்தத் திசையில்தான் நகர்கிறது. எத்தனை நாளில் நகர்கிறது என்பதுதான் பிளாஸ்டிக்குக்குப் பிளாஸ்டிக் மாறுகிறது.

ஒரே அச்சில் பல பிளாஸ்டிக்குகளை வார்ப்பது இந்தத் தொழிலின் வழக்கம். இன்னோவா நிறுவனத்தில் டிஎக்ஸ், புரோ, ஸ்டார், சாம்பியன் என்று அடுக்குகள் உண்டு. டிஸ்கிராஃப்டில் இசட், இஎஸ்பி. லாட்டிட்யூட் 64-இல் ஓப்டோ, கோல்ட். பெயர்கள் வேறானாலும் ஏற்பாடு ஏறக்குறைய ஒன்றுதான். கீழ் அடுக்கில் விலை குறைந்த, விரலுக்கு நன்றாகப் பிடிகொடுக்கும் அடிப்படை வகை. மேல் அடுக்கில் பாலியூரித்தேன் குடும்பத்தைச் சேர்ந்த உயர்வகை. கைப்பேசிக்குப் போடும் வளையும் உறை இந்தக் குடும்பம்தான். உயர்வகையிலும் இரண்டு உண்டு: கண்ணாடி போல ஒளி ஊடுருவும் விறைப்பான ஒன்று, ஒளிபுகாத சற்று மென்மையான இன்னொன்று. அமெரிக்காவிலேயே அடிப்படை வகை சுமார் 10 டாலர் என்றால் உயர்வகை 17 முதல் 20 டாலர் வரை போகும். இங்கே சுங்க வரியும் தபால் செலவும் சேரும். எங்கள் டிஸ்க்குகளில் பெரும்பாலானவை விடுமுறைக்கு ஊர் வரும் யாராவது ஒரு அண்ணனின் பெட்டியில் துணிகளுக்கு நடுவே வந்தவை. ஆகவே தொடக்கக்காரர்களுக்கு அடிப்படை வகைதான் கொடுத்துவந்தோம்.

எங்கள் கையில் இருந்தவை எந்த நிறுவனத்தின் டிஸ்க்குகள் என்பதை இந்தக் குறிப்பில் சொல்லப்போவதில்லை. நடந்தது ஒரு நிறுவனத்தின் குறை அல்ல; அந்த வகைப் பிளாஸ்டிக்கின் இயல்பு.

முதல் அறிகுறி

அவளுக்கு ஜூனில் கொடுத்தது ஒரு சிவப்பு டிஸ்க்: தூரமாக எறிவதற்கான டிரைவர் வகையில் நடுத்தர வேகமுள்ளது, அடிப்படைப் பிளாஸ்டிக், புத்தம் புதியது. முதல் இரண்டு மாதங்களில் அவளுடைய முன்னேற்றம் எல்லாரையும் வியக்க வைத்தது. ஆகஸ்ட் முடிவில் மூன்றாம் இலக்கின் 65 மீட்டர் நேர்ப்பாதையை, இருபுறமும் தைலமரம் நிற்க, பத்துக்கு ஏழு முறை தாண்டினாள்.

செப்டம்பர் நடுவில் டிஸ்க் வலப்பக்கம் நழுவத் தொடங்கியது. முதலில் ஒன்றிரண்டு எறிதல்கள். அக்டோபரில் பாதிக்கு மேல். விட்ட இடத்திலிருந்து நேராகப் போய், பாதி வழியில் வலப்பக்கம் கவிழ்ந்து, மரத்தில் மோதும். ஒவ்வொரு மோதலும் விளிம்பை இன்னும் கெடுத்தது என்று இப்போது தெரிகிறது. அப்போது நாங்கள் மோதலை விளைவாக மட்டுமே பார்த்தோம்.

அக்டோபர் முதல் வாரத்தில் அவள் என்னிடம் சொன்ன சொற்களைக் குறிப்பேட்டில் எழுதியிருக்கிறேன்: "அண்ணா, கை முன்பு போலத்தான் போகிறது. டிஸ்க்தான் கேட்கவில்லை." நான் சொன்ன பதிலும் அங்கேயே இருக்கிறது: "டிஸ்க்கைக் குறை சொல்லாதே அம்மா. எறிகிற கையைப் பார்." கற்றுக்கொடுப்பவன் சொல்ல வேண்டிய நல்ல வார்த்தை என்று நம்பித்தான் சொன்னேன்.

நான் கொடுத்த திருத்தம்

வலப்பக்கம் கவிழ்கிற டிஸ்க்கைச் சரிசெய்யக் கையில் செய்யக்கூடியவை சில உண்டு. வெளி விளிம்பைத் தாழ்த்தி விடுவது, பிடியை இறுக்குவது, கையை உடலுக்கு நெருக்கமாக இழுத்துக் கடைசி நொடியில் விடுவது. மூன்றையும் அவளுக்குச் சொன்னேன். அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் கடைசி வரை, ஆறு வாரங்கள், ஒவ்வொரு வாரஇறுதியிலும் ஆட்டம் முடிந்த பிறகு 40 எறிதல்கள் தனியாகப் போடச் சொன்னேன். அவள் வீட்டு மாடியில் துணியைக் கையில் பிடித்து இழுத்துப் பழகினாள்.

பாதை ஓரளவு சரியானது. அதுவே என்னை ஏமாற்றியது. டிஸ்க் மேலும் தேய்ந்துகொண்டே போக, நான் மேலும் தாழ்த்தச் சொன்னேன், மேலும் இறுக்கச் சொன்னேன். நவம்பர் மூன்றாம் வாரம் முழங்கையின் வெளிப்புறத்தில் வலி என்றாள். தண்ணீர்க் குடத்தைத் தூக்க முடியவில்லை என்று அவளுடைய அம்மா தொலைபேசியில் சொன்னார். ஓய்வு எடுக்கச் சொன்னேனே தவிர, வலி எங்கிருந்து வந்தது என்று நான் யோசிக்கவில்லை.

இதே காலத்தில் குழுவில் வேறு இருவருக்கும் டிஸ்க் வலப்பக்கம் போய்க்கொண்டிருந்தது. அவர்களும் ஜூனில் அதே பெட்டியிலிருந்து டிஸ்க் வாங்கியவர்கள். மூன்று பேரையும் ஒரு வரிசையில் வைத்துப் பார்த்திருந்தால் விடை கண்ணெதிரில் இருந்திருக்கும். நான் ஒவ்வொருவரையும் தனித்தனியாகத் திருத்தினேன்.

நவம்பர் கடைசி ஞாயிறு

விடையைக் கண்டவர் எங்கள் குழுவிலேயே மூத்தவர். ஒரு பொதுத்துறை ஆலையின் டூல் ரூமில் 34 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். ஆட்டத்தில் தூரம் போகமாட்டார், குறி தப்பமாட்டார். அந்த ஞாயிறு அவள் வெறுமனே வேடிக்கை பார்க்க வந்திருந்தாள். பெரியவர் அவளுடைய சிவப்பு டிஸ்க்கை எடுத்து, விரலால் விளிம்பைச் சுற்றித் தடவிப் பார்த்தார். பிறகு பெட்டியில் மீதமிருந்த, அதே அச்சில் வார்த்த, இன்னும் எறியப்படாத மஞ்சள் டிஸ்க்கைத் தடவினார். "இரண்டும் ஒரே சாமான் இல்லையே" என்றார்.

மஞ்சளை அவளுடைய பழைய பாணியில் நான் எறிந்தேன்: நேராகப் போய்க் கடைசியில் இடப்பக்கம் இறங்கியது. சிவப்பை அதே மாதிரி எறிந்தேன்: பாதியில் வலப்பக்கம் கவிழ்ந்தது. ஐந்து முறை மாற்றி மாற்றி எறிந்தோம். ஐந்து முறையும் அப்படியே. அவள் எதுவும் சொல்லவில்லை. அக்டோபரிலேயே சொன்னவள் அவள்.

மறுநாள் பெரியவர் இரண்டையும் தன் வீட்டுச் சமையலறைக் கிரானைட் மேடையில் கவிழ்க்காமல் வைத்து, மேல் அச்சும் கீழ் அச்சும் இணையும் கோட்டின் உயரத்தை விளிம்பைச் சுற்றி எட்டு இடங்களில் வெர்னியரால் அளந்தார். சிவப்பில் அந்தக் கோடு சராசரியாக அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடவே தாழ்ந்திருந்தது. மெல்லிய தகரத்தில் மஞ்சளின் விளிம்பு வடிவத்தை வெட்டி ஒரு கேஜ் செய்தார். அதைச் சிவப்பின் மேல் பொருத்தி ஜன்னலுக்கு எதிரே பிடித்தால், மூக்கு மழுங்கிய இடங்களில் வெளிச்சம் கசிந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் அவரே சொன்னார். ஒரே அச்சில் வந்த இரண்டு புது டிஸ்க்குகளுக்குள்ளேயே உயரம் சிறிது மாறலாம். சூட்டில் வார்த்த பொருள் ஆறும்போது எல்லாம் ஒன்றுபோலச் சுருங்காது. ஆகவே சிவப்பு மஞ்சளைவிடத் தாழ்ந்திருப்பது முழுக்கத் தேய்மானம் என்று சொல்ல முடியாது. ஒரு டிஸ்க்கை அதனோடேயேதான் ஒப்பிட வேண்டும்: முதல் நாள் அளவு, பிந்திய அளவு. அவர் சொன்னதிலிருந்துதான் அடுத்த எட்டு மாதச் சோதனை பிறந்தது.

டிசம்பர் முதல் ஜூலை வரை

ஒரே அச்சு, ஏறக்குறைய ஒரே எடை, நான்கு பிளாஸ்டிக்: அடிப்படை வகை, அதற்கு மேலுள்ள இடைவகை, ஒளிபுகாத உயர்வகை, ஒளி ஊடுருவும் உயர்வகை. நான்கையும் முதல் நாளே அளந்து எழுதினோம். நான்கு பேர் வாரம் ஒன்றாக மாற்றி மாற்றி எறிந்தோம், ஒருவருடைய கைவேகம் ஒரு டிஸ்க்கை மட்டும் பாதிக்காதபடி. ஒரு வாரஇறுதிக்கு ஒவ்வொரு டிஸ்க்கும் சுமார் 60 எறிதல். மரத்தில் நேராக மோதினால் குறிப்பேட்டில் ஒரு கோடு, பாறையில் பட்டால் ஒரு புள்ளி. சனிக்கிழமைதோறும் ஆட்டத்துக்கு முன், அறுவடை முடிந்த பக்கத்துக் கேழ்வரகு வயலில் பெரியவர் ஒவ்வொன்றையும் மூன்று முறை எறிந்து, நேர்க்கோட்டிலிருந்து எந்தப் பக்கம் எத்தனை அடி தள்ளி விழுகிறது என்று எழுதினார்.

அடிப்படை வகைதான் மிக வேகமாக மாறியது. அது எல்லாரும் எதிர்பார்த்ததே. எதிர்பாராதது, அது மாறிய விதம். மூன்று வாரங்களில் விளிம்பெங்கும் சிறு கீறல்கள் வந்துவிட்டன. பறப்பில் ஒன்றுமே மாறவில்லை. ஆறாம் வாரம் ஒரு தைலமரத்தில் நேர்முகமாக மோதி மூக்கில் நகம் அளவுக்கு ஒரு தட்டை விழுந்தது. அந்த ஒரே மோதலுக்குப் பிறகு வயல் சோதனையில் வித்தியாசம் தெரிந்தது. ஆக, கண்ணுக்கு அசிங்கமாகத் தெரியும் கீறலும் பாதையை மாற்றும் சேதமும் வேறு வேறு. பாறை உரசல் டிஸ்க்கின் தோலைக் கெடுக்கிறது. மரத்தில் நேர் மோதல் உருவத்தைக் கெடுக்கிறது. அடிப்படைப் பிளாஸ்டிக் வளைந்தால் வளைந்தபடி நிற்கும் குணமுள்ளது, திரும்பி வராது. பிப்ரவரி முடிவில் அது இடப்பக்கம் இறங்குவதை ஏறக்குறைய விட்டுவிட்டு நேராகப் போனது. உண்மையில் அந்த ஐந்தாறு வாரம் நான்கிலும் அழகாகப் பறந்தது அதுதான். தோப்பின் நடுவே கோடு போட்ட மாதிரி போகும். ஏப்ரலில் மெதுவாக எறிந்தாலும் வலப்பக்கம் கவிழ்ந்தது. ஜூலையில் சமையலறைத் தராசில் 2 கிராம் குறைந்திருந்தது.

இடைவகை கைக்கு மிக இதமானது. பிசுபிசுப்பான பிடி, நன்றாக வளையும். மோதலில் மூக்கு தட்டையாகவில்லை. ஆனால் பாறையில் துணுக்குத் துணுக்காக இழந்தது. அடிப்படை வகை மூன்று மாதத்தில் போய்ச் சேர்ந்த நிலைக்கு இது ஆறு மாதத்தில் போய்ச் சேர்ந்தது.

ஒளிபுகாத உயர்வகையைப் பற்றிய எங்கள் முடிவு முழுமையானதல்ல, காரணம் எங்கள் கவனக்குறைவு. ஏப்ரல் வெயிலில் காரின் பின்பெட்டியில், கூடைத் தூணுக்கு அடியில் அது ஒரு பகல் முழுதும் கிடந்து கிண்ணம் போல வளைந்துவிட்டது. வெந்நீரில் போட்டு எடுத்து, கிரானைட் மேடையில் மட்டமாக வைத்து நிமிர்த்தினோம். பார்வைக்குச் சரியானது. ஆனாலும் அதற்குப் பிந்திய அளவுகளை நாங்கள் கணக்கில் சேர்க்கவில்லை. அதுவரையிலான நான்கு மாதங்களில் இடப்பக்கச் சரிவு சிறிதே குறைந்திருந்தது.

ஒளி ஊடுருவும் உயர்வகை எட்டு மாதமும், ஏறக்குறைய 2000 எறிதல்களும் கடந்து, வயல் சோதனையில் முதல் நாள் போலவே இடப்பக்கம் இறங்கியது. வெர்னியரில் பிடிபடும் மாற்றம் இல்லை. மோதியதும் நெளிந்து உடனே பழைய வடிவுக்கு வந்துவிடுகிறது. ஆனால் கருங்கல் இதை வேறு விதத்தில் தண்டித்தது: விளிம்பில் மெல்லிய கூரிய பிசிறுகள் கிளம்பின. இருவருக்கு ஆள்காட்டி விரல் கீறியது. பெரியவர் நீர் ஊற்றித் தேய்க்கும் நுண்ணிய தேய்தாளால் பிசிறை மட்டும் நீக்கினார். கீறல்களை வழவழப்பாக்கும் அளவான தேய்ப்பை ஆட்ட விதி அனுமதிக்கிறது. பறக்கும் குணத்தை மாற்றும் அளவுக்கு உருவத்தைச் செதுக்குவதை அனுமதிப்பதில்லை. இந்த வகையின் இன்னொரு குறை ஜூலைத் தூறலில் தெரிந்தது. ஈரமும் செம்மண்ணும் சேர்ந்தபோது கையிலிருந்து வழுக்கிப் போனது இதுதான். தேயாத டிஸ்க்கே நல்ல டிஸ்க் என்று ஜனவரியில் பேசியவர்கள் ஜூலையில் அடிப்படை வகையைத் தேடினார்கள்.

ஒளி ஊடுருவும் வகை முதல் நாளிலேயே மற்ற மூன்றையும்விட அதிகமாக இடப்பக்கம் இறங்கியது. அச்சு ஒன்றே ஆனாலும் பிளாஸ்டிக் மாறினால் ஆறும்போது உருவம் சற்று மாறுகிறது. ஆகவே "இந்த டிரைவர்" என்று அச்சின் பெயரை மட்டும் சொல்லி ஒருவருக்குப் பரிந்துரைப்பது பாதிப் பரிந்துரைதான்.

ஜூனில் பக்கத்து வயலை உழுதுவிட்டார்கள். கடைசி ஆறு வாரச் சோதனை மண்சாலையில் நடந்தது. அங்கே காற்று கூடுதல் என்பதால் அந்த எண்களுக்கு நான் அதிக மதிப்புக் கொடுப்பதில்லை.

எடுத்த முடிவுகள்

முதல் முடிவு சோதனை தொடங்கும் முன்பே எடுத்தது: அவளுடைய எறிதலில் நான் செய்த திருத்தங்கள் அனைத்தையும் நிறுத்தினேன். பிசியோதெரபிஸ்ட் முழங்கையின் வெளிப்புறத் தசைநாணில் அழற்சி என்றார். இறுக்கிப் பிடித்து இழுத்ததால் வந்தது. நான் நேரில் போய் அவளுடைய அம்மாவிடம் தவறு என்னுடையது என்று சொன்னேன்.

எந்த டிஸ்க்கை எந்தப் பிளாஸ்டிக்கில் வாங்குவது என்பதில் ஜூலைக் கூட்டம் இரண்டு மணி நேரம் நீண்டது. எல்லாமே உயர்வகையாக வாங்குவோம் என்று சிலர். இரண்டு அடிப்படை வகை விலைக்கு ஓர் உயர்வகை. ஆயுளோ பல மடங்கு. கணக்கு நேராகத் தெரிந்தது. அப்போது எங்கள் வரவுசெலவைப் பார்க்கும் தம்பி ஒரு தாளை எடுத்தார். அந்த ஓர் ஆண்டில் குழுவை விட்டுப் போன டிஸ்க்குகள் 22. அவற்றில் 13 தேய்ந்தவை அல்ல, தொலைந்தவை: ஒன்பது உண்ணிச்செடிப் புதரில், நான்கு குட்டையில். பெரும்பாலான டிஸ்க்குகள் தண்ணீரில் மூழ்கிவிடும். பிளாஸ்டிக் எவ்வளவு உயர்ந்ததென்று சேறு பார்ப்பதில்லை. பத்து ஆண்டு உழைக்கும் பொருள் இரண்டாம் மாதமே குட்டைக்குள் போனால் அந்த ஆயுளுக்கு என்ன பொருள்?

இறுதியில் இப்படிப் பிரித்தோம். கூடைக்கு அருகே எறியும் பட்டர்கள் அடிப்படை வகையிலேயே இருக்கட்டும். வேகம் குறைவு, மோதல் மென்மை, விரல் பிடிப்பு முக்கியம். தோப்புக்குள் எறியும் டிரைவர்கள் உயர்வகை. நேர் மோதல் அதிகம் படுவது அவற்றுக்குத்தான். குட்டையைத் தாண்டும் ஐந்தாம் இலக்குக்குப் பழைய டிஸ்க்குகள். மழைக்கால வாரங்களில் அவரவர் விருப்பம்.

தொடக்கக்காரர்கள் விஷயத்தில் எனக்கும் மற்றவர்களுக்கும் கருத்து வேறுபட்டது. அடிப்படை வகைதான் கற்க ஏற்றது என்பது இந்த ஆட்டத்தில் பரவலான அறிவுரை, விலையும் குறைவு. நான் அதற்கு உடன்படவில்லை. கற்றுக்கொள்கிறவருக்குத் தன் கையின் மாற்றம் மட்டுமே டிஸ்க்கில் தெரிய வேண்டும். கையும் மாறி டிஸ்க்கும் மாறினால் எதை வைத்து எதை அறிவது? தேர்ந்த ஆட்டக்காரர் இரண்டையும் பிரித்தறிவார், புதியவரால் முடியாது. கடைசியில் புதியவர்களுக்கு முதல் டிரைவராக ஒளிபுகாத உயர்வகையைக் குழுவே கடனாகத் தருவது, தொலைத்தால் பாதி விலை என்று ஒத்துக்கொண்டோம்.

தேய்ந்தவற்றை எறிந்துவிடக் கூடாது என்பதில் எல்லாருக்கும் ஒரே எண்ணம். ஒரே அச்சில் புதியது, பாதி தேய்ந்தது, நன்றாகத் தேய்ந்தது என மூன்றைப் பையில் வைத்து, இடப்பக்கம், நேர், வலப்பக்கம் என மூன்று பாதைகளுக்குப் பயன்படுத்துவது அமெரிக்க ஆட்டக்காரர்களிடம் நெடுநாள் வழக்கம். இன்னோவாவின் ராக் என்னும் நடுத்தூர டிஸ்க்கை அடிப்படை வகையில் அப்படி அடுக்கி வைத்திருப்பார்கள். அதற்குத் தேவை ஒன்றுதான்: எது எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். ஆகவே ஒவ்வொரு டிஸ்க்கின் அடியிலும் முதன்முதலில் எறிந்த தேதியை மார்க்கரால் எழுதுகிறோம்.

அதன் பிறகு

ஏழு வார ஓய்வுக்குப் பின் ஜனவரி நடுவில் அவள் வந்தாள். அதே அச்சில் புது உயர்வகை டிஸ்க்கைக் கொடுத்தோம். எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். முதல் எறிதல் கடுமையாக இடப்பக்கம் வெட்டிப் போய்க் குட்டையில் விழுந்தது. இரண்டாவதும் அப்படியே, நல்லவேளை கரையில்.

டிஸ்க் இப்போது ஒழுங்காக இருந்தது. கையில்தான் நான் சொல்லிக்கொடுத்த ஆறு வாரம் இருந்தது. வெளி விளிம்பைத் தாழ்த்துவதும், இறுக்குவதும், தாமதமாக விடுவதும் உடம்பில் ஊறிவிட்டிருந்தன. கற்றதை மறக்க அவளுக்கு ஏப்ரல் வரை ஆயிற்று. ஆறு வாரத் தவறுக்கு மூன்று மாதம். டிஸ்க்குக்குச் செலவான பணத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பேசவே எனக்கு மனம் வரவில்லை. மற்ற இருவருக்கும் வலி வரவில்லை. அவர்கள் நான் சொன்னபடி அவ்வளவு சிரத்தையாகப் பயிற்சி செய்யாதவர்கள். நான் சொன்னதை முழுமையாக நம்பிச் செய்தவளுக்குத்தான் அடி விழுந்தது.

மே மாதம் நாங்கள் ஐந்து பேர் சென்னை போனபோது சோதனை டிஸ்க்குகளையும் கொண்டுபோனோம். பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கிறது. காற்றின் அடர்த்தி குறைவு என்பதால் டிஸ்க் வலப்பக்கம் திரும்புவதும் குறைவு. அடையாறு பக்கம் ஒரு மைதானத்தில், விடியற்காலை காற்றில்லாத நேரத்தில், எங்கள் தேய்ந்த அடிப்படை வகை இங்கே இருந்ததைவிட வெளிப்படையாகக் கவிழ்ந்தது. இதே குழு சென்னையில் இருந்திருந்தால் நான் ஒரு மாதம் முன்னதாகவே விழித்திருக்கக்கூடும்.

இனி மாற்றிச் செய்வது

யாருடைய எறிதலிலாவது பாதை மாறினால், கையைப் பற்றிப் பேசும் முன் டிஸ்க்கை மாற்றிப் பத்து எறிதல் பார்க்கிறேன். இதற்காக ஒவ்வொரு அச்சிலும் ஓர் உயர்வகை டிஸ்க்கை ஆட்டத்துக்கு எடுக்காமல் அலமாரியில் வைத்திருக்கிறோம். அதற்கு மூலத்தட்டு என்று பெரியவர் பெயர் வைத்தார். பழையது ஒரு மாதிரியும் மூலத்தட்டு வேறு மாதிரியும் போனால் டிஸ்க் தேய்ந்திருக்கிறது. இரண்டும் ஒரே மாதிரி கோணலாகப் போனால்தான் கையைப் பார்க்கலாம்.

கீறலை எண்ணுவதில்லை. மாதம் ஒருமுறை தகரக் கேஜை விளிம்பில் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பார்க்கிறோம். ஐந்து நிமிட வேலை. விரிசலும் தேடுகிறோம், விரிசல் விழுந்த டிஸ்க்கை ஆட்டத்தில் பயன்படுத்த விதி இடம் தருவதில்லை.

சோதனையை மறுபடி செய்தால் ஒவ்வொரு வகையிலும் ஒன்றுக்குப் பதில் மூன்று டிஸ்க்குகள் வைப்பேன். ஒன்று வெயிலில் வளைந்ததும் ஒரு வகையைப் பற்றிய தீர்ப்பே பாதியில் நின்றுபோனது. மழைக்கால வாரங்களுக்கும் தனிக் கணக்கு வேண்டும். எங்கள் எண்கள் தைலமரமும் கருங்கல்லும் உள்ள இந்த நிலத்துக்கானவை. புல்வெளி மைதானத்தில் ஆடுகிறவர்களுக்கு அடிப்படை வகை இன்னும் நெடுநாள் உழைக்கும்.

இன்னொன்று, எழுதவே கடினமானது. "டிஸ்க்தான் கேட்கவில்லை" என்று ஒருவர் சொன்னால் அன்றே அதை எறிந்து பார்க்க வேண்டும். அக்டோபர் முதல் வாரத்தில் மஞ்சள் டிஸ்க் இருந்த பெட்டி என்னிடமிருந்து பத்தடி தூரத்தில் இருந்தது.

அவளுடைய சிவப்பு டிஸ்க் இன்னும் ஆட்டத்தில் இருக்கிறது. ஆறாம் இலக்கில் பாதை ஒரு பெரிய பாறையைச் சுற்றி வலப்பக்கம் வளைகிறது. அதற்கு அதை மட்டுமே எடுக்கிறாள். வேறு எந்த டிஸ்க்கும் அந்த வளைவில் அவளுக்கு அவ்வளவு சொன்னபடி கேட்பதில்லை. கடந்த மாதம் பெரியவர் அதை மறுபடி கிரானைட் மேடையில் வைத்து அளந்தார். கோடு இன்னும் சிறிது தாழ்ந்திருந்தது. விரிசல் இல்லை. அடியில் அன்றைய தேதியை எழுதி அவளிடம் திருப்பிக் கொடுத்தார்.